யார் வாயை யார் மூடுவது?

(திண்டிவனத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது உடன் வந்த தம்பி ஒருவன் கேட்டான். "ஏன்ணா, நம்ம சாதியச் சொல்லி தெனம் ஒருத்தன் யூட்யூபுல அசிங்கமாத் திட்டுறான். அண்ணல் படத்த கேவலப்படுத்தி வீடியோ உடுறான். அரசாங்கம் இதையெல்லாம் மூடுறேன்னு சொல்லுது. மூடிட்டுப் போவட்டுமே. நாம இன்னாத்துக்கு அத எதிர்க்கணும்?"

நியாயமான கேள்வி. கருத்துச் சுதந்திரம் என்று பட்டணத்து அறிவாளிகள் பேசும்போது அதில் இந்தத் தம்பியின் வலி இருப்பதில்லை. அவர்களுக்கு அது கொள்கை. இவனுக்கு அது காலையில் எழுந்து செல்போனைத் தொட்டதும் முகத்தில் விழுகிற எச்சில். ஆகவே வால்டேர் பெயரையெல்லாம் சொல்லி இவனைச் சமாதானப்படுத்த நான் தயாரில்லை. ஆனாலும் எதிர்க்கத்தான் வேண்டும் என்கிறேன். காரணத்தை நம்ம மாவட்டத்திலிருந்தே சொல்கிறேன்.

2021 மே மாதம். கொரோனா ஊரடங்கு. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தல். நம்ம மக்கள் திருவிழாவில் கச்சேரி வைத்துவிட்டார்கள் என்று ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. வயதான மூன்று பேரைக் காலில் விழ வைத்தார்கள். ஊரடங்கை மீறினால் கேஸ் போட போலீஸ் இருக்கிறது. காலில் விழு என்று சொல்ல எந்தச் சட்டத்தில் இடம்? அந்தக் காட்சி செல்போனில் ஏறி ஊர் ஊராகச் சுற்றியது. அதற்குப் பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் கைதும். 2025 செப்டம்பரில் இதே திண்டிவனம். நகராட்சி அலுவலகத்தில் ஒரு தலித் ஊழியரை கவுன்சிலர் காலில் விழ வைத்தார்கள் என்பது புகார். எதிர்த்தரப்பு வேறு கதை சொன்னது. கண்காணிப்புக் கேமரா காட்சி வெளியே வந்து பரவியது, வழக்குப் பதிவானது. காட்சி இல்லாமல் போயிருந்தால்? "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் சங்கதி முடிந்திருக்கும்.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்ம ஆட்கள் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். அன்றைக்கு யார் கையிலும் கேமரா இல்லை. இன்றுவரை நம் மீதான தாக்குதலை "இரு பிரிவினர் மோதல்" என்றே எழுதிப் பழகிய பத்திரிகைகள்தான் அன்று செய்திக்கு வாசல். அந்த வாசலில் நம்மை உட்கார வைக்க மாட்டான் என்று தெரிந்துதான் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினார். 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920-இல் அண்ணல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. திலகரின் பத்திரிகை. சுயராஜ்யம் பிறப்புரிமை என்றவர்கள்!

அச்சு எந்திரமும் காகிதமும் தபால் செலவும் இல்லாமல் சேரிப் பையன் ஒருவன் உலகத்துக்கே சொல்லிவிடலாம் என்கிற நிலைமை நம் வரலாற்றில் இப்போதுதான் வந்திருக்கிறது. இதைப் புனிதப்படுத்தவில்லை. அந்த மேடை அமெரிக்கக் கம்பெனிக்காரனின் சொத்து. 2019 நவம்பரில் ட்விட்டரின் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து நம்ம தோழர்கள் அந்த ட்விட்டரிலேயே சண்டை போட வேண்டியிருந்தது. அதுவும் பண்ணையார் வீட்டுத் திண்ணைதான். என்றாலும் திண்ணையில் நின்று கூவுகிறோம், ஊருக்குக் கேட்கிறது.

இனி, அரசாங்கம் மூடுவது என்றால் என்ன என்று பார்ப்போம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 69ஏ என்று ஒரு பிரிவு. இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு என்று காரணங்களை அடுக்கி, எந்தத் தளத்தையும் முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2009-இல் போட்ட விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் இரகசியம் என்கிறது. கவனியுங்கள்: குற்றம் சாட்டியவன் யார், தீர்ப்புச் சொன்னவன் யார், எதற்காக என்று எதுவும் வெளியே தெரியாது. ஊர் விலக்கத்துக்குக்கூட தமுக்கு அடித்துச் சொல்வான். இதற்கு அதுவும் கிடையாது.

விகடன் விவகாரம் நினைவிருக்கும். அமெரிக்கா நம்மாட்களைக் கையில் விலங்கு மாட்டி விமானத்தில் அனுப்பியது. பிரதமர் ட்ரம்ப் பக்கத்தில் சங்கிலியோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் கேலிச்சித்திரம் போட்டது. 2025 பிப்ரவரி 15 அன்று புகார், அன்றே தளம் பலருக்குத் திறக்கவில்லை. எந்த அறிவிப்பும் வரவில்லை என்று விகடனே சொன்னது. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும் மூடப்பட்டது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது. விகடன் நம்ம பத்திரிகை அல்ல, அவர்களோடு நமக்குத் தீராத கணக்குகள் உண்டு. ஆனால் அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார், கோர்ட்டுக்குப் போக ஆள் இருக்கிறது. வானூர்ப் பக்கத்து காலனிப் பையனின் சேனல் ஒரு ராத்திரியில் காணாமல் போனால் அவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்?

இதே விகடன் ஆசிரியருக்கு 1987-இல் அட்டைப்பட நகைச்சுவைக்காகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. அராஜகம்தான். ஆனால் யார் தண்டித்தது என்று நாட்டுக்கே தெரிந்தது, கூச்சல் எழுந்தது, சில நாளில் விட்டார்கள். இன்றைய அதிகாரத்துக்கு முகமே இல்லை.

அதற்கு மேலும் பசி. 2023 ஏப்ரலில், அரசைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று அரசே முடிவு செய்ய உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு விதி போட்டார்கள். 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் 2024 வரைவு யூட்யூபில் செய்தி பேசுகிறவர்களையும் வளைத்துப் போட்டது. வரைவைச் சிலருக்கு மட்டும், அதுவும் பிரதிக்கு ஒரு அடையாளம் போட்டு, கொடுத்தார்களாம். எதிர்ப்பு வந்ததும் ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். 2024 அக்டோபரில் 'சஹ்யோக்' என்று உள்துறை ஒரு வாசல் திறந்தது. அதன் வழியாகப் பல துறைகளும் மாநிலப் போலீசும் கம்பெனிகளுக்கு 'இதை நீக்கு' என்று நோட்டீஸ் அனுப்பலாம். எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவை 2025 செப்டம்பர் 24 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மாநில ஆட்சிகள் யோக்கியமா? 2015 அக்டோபரில் மதுக்கடைக்கு எதிராகப் பாடியதற்காக கோவனை ராஜத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தார்கள். மலம் அள்ளும் நம்ம மக்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தை ஊர் ஊராகத் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தது. அவர் அதை இணையத்தில் ஏற்றினார். 2018 மே மாதம் தூத்துக்குடியில் சுட்டுக் கொன்றுவிட்டு, மறுநாள் மூன்று மாவட்டங்களில் இணையத்தை அறுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று வன்கொடுமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த தீர்ப்பை எதிர்த்து வடக்கே தலித்துகள் தெருவுக்கு வந்தபோதும் பல இடங்களில் இணையம் போனது. மணிப்பூரில் 2023 மே 3 அன்று இணையம் போனது. மறுநாள் இரண்டு பெண்களை நிர்வாணமாக்கி ஊர்வலம் விட்டார்கள். அந்தக் காட்சி வெளியே வர ஜூலை 19 ஆனது. வந்ததும் அரசு சமூக ஊடகங்களிடம் சொன்னது: அதை நீக்கு.

தம்பி, இதுதான் உன் கேள்விக்குப் பதிலின் பாதி. 'பொது அமைதிக்குக் குந்தகம்', 'சாதிப் பதற்றம்' என்று அதிகாரி ஒருவன் பட்டியல் போட்டால், உன்னைத் திட்டுகிற வீடியோ கடைசியில் இருக்கும். ஒட்டனந்தல் வீடியோ முதலில் இருக்கும்.

மறுபாதி நம்மைப் பற்றியது. 2012 மே மாதம், பதினோராம் வகுப்புப் பாடநூலில் அண்ணலைச் சாட்டையோடு பின்னால் நின்று நேரு விரட்டுவது போன்ற சங்கரின் பழைய கேலிச்சித்திரம் இருக்கிறது என்று நாம் கொதித்தோம். நாடாளுமன்றத்தில் திருமாவளவன் எழுப்பினார். நானும் தெருவில் நின்று கத்தினேன். நம்ம பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறபோது பக்கத்துப் பையன் சிரிப்பானே என்கிற ஆத்திரம். அந்த ஆத்திரத்தை இன்றும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்ன? அரசு போட்ட தோரட் குழு, அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் கிண்டல் செய்த வேறு பல படங்களையும் எடுக்கச் சொன்னது. நாம் ஒரு கதவைச் சாத்தச் சொன்னோம், அவன் தன் வசதிக்கு வீட்டையே பூட்டப் பார்த்தான். பாடநூல் ஆலோசகர் பல்ஷிகரின் புனே அலுவலகத்தைத் தாக்கியதை அப்போதே நாம் உரக்கக் கண்டித்திருக்க வேண்டும். நான் கண்டிக்கவில்லை.

அப்ப திட்டுறவன சும்மா உடறதா? விடக்கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), 3(1)(எஸ்), 3(1)(யு) பிரிவுகள் இருக்கின்றன. பட்டியல் சாதியினர்மேல் பகையைத் தூண்டுவது எழுத்தானாலும் பேச்சானாலும் வேறு எந்த வழியானாலும் குற்றம். இணையத்தில் திட்டியதும் இதில் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது. இங்கே 2021 ஆகஸ்டில் ஒரு நடிகையை இப்படிப் பேசியதற்காகக் கைது செய்தார்கள். இதில் புகார் கொடுப்பது நீ, பெயர் போட்டு. அவனும் பெயரோடு கோர்ட்டில் நின்று பதில் சொல்ல வேண்டும். திறந்த விசாரணை. வீடியோவை இரகசியமாக எடுத்துவிட்டால் உன் சாட்சியமும் போச்சு, அவன் வேறு பெயரில் மறுநாள் வந்துவிடுவான்.

66ஏ பிரிவையும் ஞாபகப்படுத்துகிறேன். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய புதுச்சேரியில், 2012 அக்டோபரில், மத்திய அமைச்சர் மகனைப் பற்றி ட்விட்டரில் இரண்டு வரி எழுதிய ஒருவரைக் கைது செய்தார்கள். 2013-இல் ராம்பூரில் தலித் எழுத்தாளர் கன்வல் பாரதியைப் பேஸ்புக் பதிவுக்காகக் கைது செய்தார்கள். 66ஏ-வை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று செல்லாது என்றது. அதற்குப் பிறகும் போலீஸ் அதில் கேஸ் போட்டுக்கொண்டே இருந்தது என்று 2021-இல் அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. செத்த சட்டத்தையே விட மாட்டேன் என்கிறவன், உயிரோடு இருக்கிற சட்டத்தை யார்மேல் பாய்ச்சுவான்?

நம்ம பத்திரிகைகளின் அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுப் போட்டுப் பழகியவர்கள் நாம். அந்த இரண்டு சொல்லில் எத்தனை பயமும் தந்திரமும் இருந்தது என்று பழைய தோழர்களுக்குத் தெரியும். அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். ஒரு வன்கொடுமைக் காட்சி கிடைத்தால் உடனே மூன்று பேரிடம் பிரதி இருக்கட்டும். நாள், நேரம், இடம் காகிதத்தில் எழுதி வையுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் முகத்தைப் பரப்பாதீர்கள், அது நமக்கு நாமே போட வேண்டிய கட்டுப்பாடு. புகாரோடு பிரதியைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதிவு நீக்கப்பட்டால் யார் நீக்கச் சொன்னது என்று தகவல் உரிமையில் கேளுங்கள். இரகசியம் என்று பதில் வரும். அந்தப் பதிலையே அச்சில் போடுவோம், அனுப்பி வையுங்கள்.

டீ வந்துவிட்டது. விழுப்புரத்துத் தம்பி கை தூக்குகிறான், அவன் முதலில் கேட்கட்டும்.