பரணில் தூங்கும் மஞ்சப்பை
(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட் ரிப்பேர், தண்ணீர் லாரி எல்லாம் பேசி முடித்த பிறகு மைக்கை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. சில்லுகளைப் பெருக்கி, சாப்பாட்டு மிச்சத்தோடு கறுப்பு கேரி பேகில் போட்டு, முடிச்சுப் போட்டு, வாசலில் வைத்துவிட்டேன். பேஸ்மென்ட்டில் குப்பை பிரிக்கும் அக்கா அந்தப் பையைப் பிரித்தபோது விரல் கிழிந்துவிட்டது. மூன்று தையல். யார் வீட்டுப் பை என்று அவர் கேட்கவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். "எல்லாரும் கட்டிக் கட்டித்தான் சார் வைக்கிறீங்க. உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்று ராத்திரி யோசித்தேன். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ஆம் தேதி. 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு இயக்கம் தொடங்கியது 2021 டிசம்பரில். கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். ஆனாலும் காய்கறிக் கடையில் "கவர் வேணுமா?" என்று கேட்டால் நாம் ஏன் தலையாட்டுகிறோம்? பை கொண்டு போக மறந்தது ஒரு காரணம். நமக்குள் பேசிக்கொள்வோமே, இன்னொரு காரணம், குப்பை போட ஒரு கவர் கிடைக்கும் என்பதுதான்! வீட்டுக் குப்பைத் தொட்டிக்கு உறையாகப் போடத்தான் அதை மடித்து மடித்துச் சேர்க்கிறோம்.

ஆகவே தொட்டியிலிருந்து தொடங்குவோம். ஈரக் குப்பைக்குப் பையே தேவையில்லை. சாம்பார், ரசத்தை வடித்துவிட்டு, தொட்டியின் அடியில் பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்துப் போடுங்கள். காலையில் அப்படியே பச்சை டிரம்மில் கவிழ்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு அலசினால் போதும். முதல் வாரம் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது, இப்போது பழகிவிட்டது. கண்ணாடி, பிளேடு போன்றவற்றைத் தாளில் தடிமனாகச் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கையில் கொடுங்கள். நாப்கின், டயப்பரையும் தாளில் சுற்றித் தனியாக.

இனி துணிப்பை. எங்கள் பரணை ஒழித்தபோது எண்ணிப் பார்த்தேன்: 43 பைகள். அத்தனையும் கல்யாணத்துத் தாம்பூலப் பைகள். உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆகவே தயவுசெய்து புதிதாகத் துணிப்பை வாங்காதீர்கள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலுக்கு அதன் பங்கு குறையும் என்று கணக்கிட்டது. வாரம் ஒரு முறை கடைக்குப் போனால் இரண்டரை வருடம் அதே பை. பருத்தி விளைவிக்க, நெய்ய, சாயமேற்ற அவ்வளவு செலவாகிறது. பரணில் தூங்கும் பையால் யாருக்கும் லாபமில்லை.

ஒரு எச்சரிக்கை. துணி போலவே இருக்கும், தையல் இல்லாமல் ஒட்டிய, கலர் கலரான பைகள் ஜவுளிக் கடைகளில் தருவார்களே, அது துணியல்ல. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். கையில் இருப்பதைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள். புதிதாகக் கேட்டு வாங்காதீர்கள்.

மறதிக்கு நான் கண்ட மருந்து: ஒரு பை வண்டி சீட்டுக்கு அடியில், ஒரு பை செருப்பு ஸ்டாண்டில். சமையலறையில் இருந்தால் கண்டிப்பாக மறக்கும். மாவுக் கடைக்கும் கறிக் கடைக்கும் மூடி போட்ட டப்பா. எங்கள் கறிக் கடைக்காரர் முதல் நாள் சிரித்தார், இரண்டாம் வாரம் அவரே, "டப்பா எங்க சார்?" என்று கேட்டார்.

பால் பாக்கெட்டைத் தவிர்க்க எனக்கும் வழி தெரியவில்லை. தினம் இரண்டு அரை லிட்டர் வாங்கினால் வருடத்துக்கு 730 உறைகள். மூலையை முழுதாக வெட்டி எறியாமல், துணுக்கு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். அந்தச் சின்னத் துணுக்கை யாராலும் பொறுக்கிச் சேர்க்க முடியாது. உறையை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அலசாமல் போட்டால் நாறும், யாரும் தொடமாட்டார்கள்; நம் பக்கத்துக் குப்பை காலங்காலமாகப் போய்ச் சேர்ந்த பெருங்குடிக்கே போகும். அதை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பிளாக்கிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒரு கொக்கி மாட்டப் போகிறோம். உங்கள் பரணில் உபரியாக இருக்கும் பைகளைத் துவைத்துக் கொண்டுவந்து மாட்டுங்கள். மறந்து கீழே இறங்கியவர்கள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்ததும் மாட்டிவிடலாம். பையில் யார் கல்யாணப் பெயர் இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் வீட்டிலிருந்து 40 பைகள் வருகின்றன.

காபி ஆறிவிட்டது. மன்னிக்கவும்.