வென்றவர்க்காக எழுந்து நின்ற அரங்கம்

பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் 'விளையாட்டும் இலக்கிய மனமும்' என்ற பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். காப்பியங்களில் வரும் பந்தாடலையும் புனலாடலையும் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை விடுத்துக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

டெஸ்ட் ஆட்டத்தைச் சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். ஐந்து நாள்கள் ஆடியும் வெற்றி தோல்வி இல்லாமல் முடியக்கூடிய ஆட்டம் வேறு எது என்று கேட்கிறோம். ஆனால் ஒரு தொடரை முதல் நாள் தொடங்கி இறுதி வரை பின்தொடர்ந்த ரசிகரைக் கேளுங்கள். காலையில் நம்பிக்கை, நண்பகலில் அச்சம், மாலையில் ஆறுதல். மறுநாள் இவை அனைத்தும் தலைகீழ். இத்தனை ஏற்றத்தாழ்வுகளையும் தன் கையில் ஒன்றுமில்லாமல் தாங்கிக்கொள்பவர் ரசிகர். பிறர் வாழ்வைத் தன் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வாடுவதும் மகிழ்வதும் கவிஞரின் தொழில் என்றால், ரசிகரும் அத்தொழிலில் பாதியைச் செய்கிறார்.

நான் சொல்லப்போவது 1999ஆம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று வாரங்களில் நடந்தவற்றை. பாகிஸ்தான் அணி 1987ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்திருந்தது. முதல் ஆட்டம் தில்லியில் நடப்பதாக இருந்தது. எதிர்ப்பாளர்கள் சிலர் ஜனவரித் தொடக்கத்தில் அங்கே ஆடுகளத்தைத் தோண்டிவிட்டார்கள். எனவே முதல் ஆட்டம் சென்னைச் சேப்பாக்கத்துக்கு மாறியது. வெறுப்பு கெடுத்த களத்திலிருந்து நம் வாயிலுக்கு வந்த ஆட்டம் அது.

சேப்பாக்கம் எளிய களம் அன்று. 1952ஆம் ஆண்டு இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அங்கேதான். 1986ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் ஆடிய டெஸ்ட் சமனில் முடிந்ததும் அங்கேதான். டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. 1997ஆம் ஆண்டு ஒருநாள் போட்டியில் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டங்கள் குவித்தபோது கைதட்டிய அரங்கமும் அதுவே.

ஜனவரி 28ஆம் நாள் ஆட்டம் தொடங்கிற்று. பாகிஸ்தான் 238; இந்தியா 254. சென்னை இளைஞர் சடகோபன் ரமேஷுக்கு அது முதல் டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் ஷாகித் அஃப்ரிடி 141 ஓட்டங்கள் அடித்து ஆட்டத்தைத் தம் பக்கம் இழுத்தார். வெங்கடேஷ் பிரசாத் அதைத் திருப்பிப் பிடித்தார். 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். 275க்கு 4 என்றிருந்த அணி 286இல் முடிந்தது. நமக்கு வேண்டியவை 271.

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. நம் கண்டமங்கலத்துத் தேநீர்க் கடை ஒன்றில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நாங்கள் இருபது பேர் கூடியிருந்தோம். ஐந்தாவது விக்கெட் விழுந்தபோது இந்தியா 82. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பின்னர் சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் எடுத்தார்கள். போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136 ஓட்டங்களில், சக்லைன் முஷ்டாக்கின் சுழலைத் தூக்கி அடித்து, வாசிம் அக்ரமின் கைகளில் பிடிபட்டார். அப்போது நமக்கு வேண்டியவை பதினேழே ஓட்டங்கள். எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தன. பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது.

கடையில் யாரும் பேசவில்லை. அடுப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்போது அந்தக் காட்சி வந்தது. சேப்பாக்கத்தில் மக்கள் எழுந்து நின்றார்கள். கைதட்டினார்கள். வென்ற அணி களத்தைச் சுற்றி ஓடி வந்தது. அது எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் ஒலி எழுந்தது.

இனி சொல்வது என்னைப் பற்றியது. எங்கள் கூட்டத்தில் தையற்கடை வைத்திருந்த இசுலாமிய நண்பர் ஒருவர் உண்டு. கவிதை எழுதுவார். பாகிஸ்தான் ஆடும் நாள்களில் கடைசி விசுப்பலகையின் ஓரத்தில் அமர்வார். "என்ன பாய், இன்றைக்கு உங்கள் பக்கம்தானா?" என்று யாராவது கேட்பார்கள். கேலி என்றே அதை நினைத்தோம். நானும் கேட்டிருக்கிறேன். அவர் சிரிப்பார். பாகிஸ்தான் வீரர் நன்றாக ஆடினால் நாங்கள் "அடடா" என்போம். அவர் வாய் திறக்கமாட்டார். அழகை அழகென்று சொல்லும் உரிமையைக்கூட அந்தக் கேலி அவரிடமிருந்து பறித்திருந்தது. அது எனக்கு அந்நாள் வரை தெரியாது.

சேப்பாக்கம் எழுந்து நின்றபோது எங்கள் கடையிலும் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினோம். நண்பரும் தட்டினார். வெளியே வந்ததும், "இன்றைக்குத்தான் ஐயா ஓர் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வாரம் தில்லியில் அனில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளையும் எடுத்தார், 74 ஓட்டங்கள் கொடுத்து. 1956இல் ஜிம் லேக்கர் செய்த பின் எவரும் செய்யாத செயல் அது. இந்தியா 212 ஓட்டங்களில் வென்றது. தொடர் ஒன்றுக்கு ஒன்று எனச் சமனாயிற்று. அன்று எல்லோரிலும் உரக்கக் கூவியவர் அந்த நண்பரே.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வுரைக்கு வந்திருக்கவே வேண்டியதில்லை.

ஆசிய டெஸ்ட் போட்டிக்காக இரு அணிகளும் கொல்கத்தாவில் மீண்டும் மோதின. பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. சச்சின் ஓட்டமெடுக்கத் திரும்பும்போது, குறுக்கே நின்ற சோயிப் அக்தர்மேல் மோதினார். எல்லைக்கோட்டருகிலிருந்து வந்த பந்து ஸ்டம்பைத் தாக்கியது. அவர் ஆட்டமிழந்ததாக நடுவர் தீர்ப்பு வந்தது. அரங்கம் கொதித்தது, பொருள்கள் களத்தில் வந்து விழுந்தன. சச்சினே சுற்றி வந்து அமைதி வேண்டினார். மறுநாளும் குழப்பம் எழவே, காவல்துறையினர் பார்வையாளர்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ வெறுமையான அரங்கில் பாகிஸ்தான் 46 ஓட்டங்களில் வென்றது. வென்றவர்களுக்காக எழுந்து நிற்க அங்கே யாருமில்லை. அதே பிப்ரவரி 20ஆம் நாள்தான் பிரதமர் வாஜ்பாய் லாகூருக்குப் பேருந்தில் சென்றார். அந்தக் கோடையிலேயே கார்கில் போர் மூண்டது.

சென்னை உயர்ந்தது, கொல்கத்தா தாழ்ந்தது என்று சொல்ல நான் வரவில்லை. சென்னையில் நாம் ஆட்டத்தால் தோற்றோம். கொல்கத்தாவிலோ அநீதி நேர்ந்ததாக மக்கள் எண்ணினார்கள். அங்கே வந்த சோதனை கடினமானது. அந்தச் சோதனையில் எங்கள் கடையும் தோற்றது. தீர்ப்பு வந்த கணத்தில் எங்கள் கடையில் எழுந்த சொற்களை இந்த அவையில் சொல்ல முடியாது. அவை ஒரு வீரரைப் பற்றித் தொடங்கி, ஒரு நாட்டைத் தாண்டி, ஒரு சமயத்தில் வந்து நின்றன. தொழுகை முடித்து வந்திருந்த நண்பர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பார்த்தேன். பின்னால் போய் அழைத்து வரவில்லை. ஆட்டத்தின் மீதிருந்த கண்ணை எடுக்க மனமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத் தையற்கடைக்குப் போய், "ஏன் வரவில்லை?" என்று கேட்டேன். "ஆட்டம்தான் முடிந்துவிட்டதே" என்றார்.

அறிஞர்களே, வெண்ணிப் போர் உங்களுக்குத் தெரியாததன்று. கரிகால் வளவன் வென்றான். முதுகில் புண்பட்டதற்கு நாணி, தோற்ற சேரன் வடக்கிருந்தான். வென்ற மன்னனை நேர்நோக்கி, உன்னிலும் அவனே நல்லவன் என்ற கருத்தைச் சொன்னவர் வெண்ணிக் குயத்தியார். புறநானூற்றின் 66ஆம் பாடல் அது. அங்கே வென்றவன் பக்கத்து நா தோற்றவனைப் போற்றியது. சேப்பாக்கத்தில் தோற்றவர் பக்கத்துக் கை வென்றவனைப் போற்றியது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. தன் பக்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே மறுபக்கத்தின் பெருமையைக் காணும் கண் அது. அந்தக் கண்ணைப் பெறுவது ஒருநாள் வேலையன்று என்பதைத்தான் அந்தத் தொடர் எனக்குக் கற்பித்தது. ஜனவரியில் பெற்றதைப் பிப்ரவரியில் இழந்தவன் நான்.

இதை இங்கே ஏன் சொல்கிறேன்? நம் வட்டத்திலும் இரண்டு அணிகள் உண்டு. மரபுக் கவிதை படிக்கப்படும்போது புதுக்கவிதையாளர் கைகள் மடியில் கிடக்கின்றன. புதுக்கவிதை படிக்கப்படும்போது மரபாளர் எழுந்து தேநீர் குடிக்கப் போகிறார்கள். பத்து ஆண்டுகளாகப் பார்க்கிறேன், நானும் போயிருக்கிறேன். நல்ல வரி எதிரணியிலிருந்து வந்தால் எழுந்து நிற்க நமக்கு ஏன் கால் வருவதில்லை?

எல்லை என்பது நமக்குப் புதிதன்று. மேற்கே சென்றால் திருபுவனை, கிழக்கே சென்றால் அரியூர்; இருபுறமும் புதுவை மண். நடுவே தமிழ்நாடாய் நிற்கிறது நம் கண்டமங்கலம். பேருந்தில் ஏறியவர் இன்னும் பயணச்சீட்டு வாங்கி முடிக்கவில்லை, அதற்குள் எல்லை கடந்துவிடுகிறது. தடுத்து நிறுத்திப் பக்கம் கேட்பவர் யாருமில்லை. நம் அவையும் அப்படி இருக்கட்டும்.

2007ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூரில் ஆடிய பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் ஆடவில்லை. இன்றைய இளைஞர்களுக்கு அந்தச் சோதனைக்கே வாய்ப்பில்லை. ஆனால் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்காமலிருக்கும் வாய்ப்பு நாள்தோறும் நமக்கு வருகிறது. யாரேனும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தால், ஆட்டத்திலிருந்து கண்ணை எடுத்து அவர் பின்னால் செல்லும் வாய்ப்பும் வருகிறது. அன்று நான் அதைத் தவறவிட்டேன். உங்களில் ஒருவரும் தவறவிட வேண்டாம் என்று வேண்டி அமைகிறேன்.