விடுபட்ட சொல், சேர்ந்த சொல்

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் காலையில் பிள்ளைகள் கொடியைப் பார்த்து, வலது கையை நெஞ்சில் வைத்து ஓர் உறுதிமொழி சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மொத்தம் 31 சொற்கள். அதில் 'கடவுளின் கீழ்' என்று இரண்டு சொல் வருகிறது. இந்த இரண்டு சொல்லுக்காக அங்கே உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிருக்காங்க. அந்த ஊர்ச் சண்டை நமக்கெதுக்குன்னு கேட்கலாம். சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போன யாருக்கும், வரிசையில நின்னு அடுத்தவன் எழுதிக் கொடுத்ததைச் சொல்வது என்றால் என்னவென்று தெரியும். அதனால் பேசுகிறேன்.

1892-இல் இதை எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. பாப்டிஸ்ட் பாதிரியார், சோஷலிஸ்ட். பாதிரியார்தான், ஆனா கடவுள்ங்கிற சொல்லை அவர் எழுதலை. சமத்துவம் என்ற சொல்லைச் சேர்க்கத்தான் நினைத்தார். பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் சமத்துவமா என்று கல்வி அதிகாரிகள் முறுக்குவார்கள் எனத் தெரிந்து விட்டுவிட்டார். ஆக 'அனைவருக்கும் சுதந்திரம், நீதி' என்பதோடு முடிந்தது. சமத்துவத்துக்கு இடமில்லாத வரியில் 62 வருஷம் கழித்து, 1954-இல், கடவுளுக்கு இடம் கிடைத்தது. கம்யூனிசத்தோடு பனிப்போர் நடந்த காலம். ஜனாதிபதி ஐசனோவர் உட்கார்ந்திருந்த தேவாலயத்தில் ஒரு போதகர் பிரசங்கம் செய்தார்: இந்த உறுதிமொழியை மாஸ்கோ பிள்ளைகளும் சொல்லிவிடலாமே, நமக்கென்று என்ன வித்தியாசம்? நான்கு மாதத்தில் சட்டம் வந்துவிட்டது. அடுத்த வருஷமே டாலர் நோட்டிலும் கடவுளை அச்சடிக்கச் சட்டம் போட்டாங்க. நோட்டு எண்ணுற வேலை பார்க்கிறவன் சொல்றேன், அதனால நோட்டுக்கு மதிப்பு கூடலை, குறையவும் இல்லை.

சொல்ல மறுத்த பிள்ளைகள் கதை இதைவிடப் பழசு. கொடியை வணங்குவது விக்கிரக வழிபாடு என்று யெகோவாவின் சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மறுத்தார்கள். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நீக்கியது சரி என்று 1940-இல் உச்சநீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த கையோடு ஊர் ஊராக அவர்களை அடித்தார்கள், மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய கூடத்தைக் கொளுத்தினார்கள். மூன்றே வருஷத்தில், உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், அதே நீதிமன்றம் திரும்பியது. நீதிபதி ஜாக்சன் எழுதிய பார்னெட் தீர்ப்பு. அதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'இது இவர்கள் மதம், விட்டுவிடுங்கள்' என்று அவர் சலுகை தரவில்லை. யாரையும் ஒரு கருத்தை வாயால் ஒப்புக்கொள்ள வைக்க அரசுக்கு அதிகாரமே கிடையாது என்றார். பேச்சுரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் வந்தது. சாமி கும்பிடுகிறவனுக்கும் அது சொந்தம், கும்பிடாதவனுக்கும் சொந்தம், 'அனைவருக்கும் நீதி'ங்கிறது பொய்னு சொல்றவனுக்கும் சொந்தம்.

அப்படியானால் கடவுள் அங்கேயே இருக்கட்டும், பிடிக்காதவன் வாயை மூடிக்கொள்ளட்டும் என்கிறார்கள். இங்கேதான் எனக்குச் சண்டை. மௌனமாயிருக்கும் உரிமை வேண்டும்தான். ஆனால் முப்பது பிள்ளைகள் கோரஸாகச் சொல்கிற இடத்தில் ஒரு பிள்ளை மட்டும் தள்ளி நிற்பது என்ன உரிமை? தள்ளி நிற்கலாம் என்று அனுமதி கொடுக்கிறவனை நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தேர்த்தெருவில் தேர் நம்ம செலவிலயும்தான் ஓடும், நாம மட்டும் எட்ட நிக்கலாம்.

இன்னொரு வாதம், அது வெறும் சடங்குச் சொல், சொல்லிச் சொல்லித் தேய்ந்து மத அர்த்தமே போய்விட்டது என்பது. கவிதை எழுதுகிறவனிடம் இதைச் சொல்லக்கூடாது. அர்த்தம் போன சொல்லை எடுத்தால் யாருக்கு வலிக்கும்? 2002-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சொல் செல்லாது என்றது. அன்றைக்கே செனட் 99-க்கு 0 என்று கண்டனத் தீர்மானம் போட்டது. 2004-இல் உச்சநீதிமன்றம், வழக்குப் போட்ட தகப்பனுக்கு மகள்மேல் அதற்கான உரிமை இல்லை என்று சொல்லிக் கேள்வியிலிருந்தே நழுவியது. சொல் இன்றும் இருக்கிறது.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் இதே கேள்வி வந்தது. 1949 அக்டோபர் 17 அன்று, முகப்புரையைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி.காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளென்ன, தேவியின் பெயரால் என்று போடுங்கள் என்றார் அசாம்காரர் ஒருவர். பட்டம் தாணு பிள்ளை, தான் ஆத்திகனாயிருந்தும் அது கட்டாயப்படுத்துவதாகும் என்று எதிர்த்தார். வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. பாபாசாகேப் தலைமையிலான குழு வரைந்த முகப்புரையில் கடவுள் இல்லை. பெல்லமி விட்ட சமத்துவம் இருக்கிறது.

கேரளாவில் 1985-இல் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். பார்னெட் தீர்ப்பையும் அவர் எடுத்துக்காட்டினார்.

அங்கே சமீபத்திய கதை இது. 2008-இல், மாணவர் மௌனமாயிருக்கப் பெற்றோர் எழுதித் தரவேண்டும் என்ற புளோரிடா சட்டத்தை ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஜாக்சன் பிள்ளைக்குக் கொடுத்த வாய், அப்பன் கையெழுத்துக்குப் போய்விட்டது. 2017-இல் டெக்சாஸில், ஹூஸ்டன் பக்கம், ஒரு கறுப்பின மாணவி உறுதிமொழியின்போது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளியை விட்டு அனுப்பினார்கள். வழக்கு நடந்தது, மாநிலத் தலைமை வழக்கறிஞரே பள்ளிக்கு ஆதரவாக வந்தார், கடைசியில் சமரசமானது. அவள் மறுத்தது கடவுள் என்ற சொல்லுக்காக மட்டும் இல்லை. சுதந்திரம், நீதி என்று அந்தக் கொடி சொல்வது தன் சனங்களுக்கு நடக்கவில்லை என்றாள்.