எங்கள் கதை எங்கே?

(மில் தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வாலிபர்களும் வாசிப்பும் என்ற விஷயம் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். நாற்பது ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மேடை ஏறுவார். நல்ல புத்தகம் படியுங்கள், கெட்ட புத்தகம் தொடாதீர்கள் என்று ஒரு மணி நேரம் புத்தி சொல்லுவார். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். சுண்டல் கைக்கு வந்ததும் ஓடிவிடுவார்கள். பிள்ளைகளுக்கென்று எழுதுகிற கதைகளைப் பற்றி அந்தப் பிள்ளைகளின் அபிப்பிராயம் என்ன என்று கேட்பவர் மட்டும் யாருமில்லை. புடவையைக் கட்டுகிறவளைக் கேட்காமலே புடவையின் தரத்தைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்வது போன்ற காரியம் இது.

ஆகவே இன்று, யாரும் கேட்காமலே தன் அபிப்பிராயத்தைச் சொன்ன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறோம். ஆள் நம் ஊர்ப் பெண் அல்ல. அமெரிக்காவில், ஓக்லஹோமா ராஜ்யத்தில், டல்ஸா என்ற நகரத்துப் பெண். பெயர் சூசன் எலோயிஸ் ஹின்டன். டல்ஸா, எண்ணெய்க் கிணற்றுப் பணத்தில் வளர்ந்த ஊர். உலகத்து எண்ணெய்த் தலைநகர் என்று தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஊர். அப்படிப்பட்ட ஊர் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் பங்களாக்கள், இன்னொரு பக்கம் கூலி வேலைக்காரர் வீடுகள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். பள்ளிக்குள்ளே ஒரு கூட்டத்தின் பெயர் 'சோஷ்', அதாவது பெரிய இடத்துப் பிள்ளைகள். மற்றக் கூட்டத்தின் பெயர் 'கிரீசர்', அதாவது நீள முடி வளர்த்து எண்ணெய்ப் பசை தடவித் திரியும் ஏழைப் பையன்கள். நம் பக்கத்தில் எண்ணெய் தேய்க்காத பரட்டைத் தலைதான் ஏச்சு, அங்கே நேர்மாறு.

ஹின்டனின் சிநேகிதன் ஒருவன் ஒரு நாள் பள்ளி விட்டு நடந்து வரும்போது, கிரீசர் என்ற ஒரே குற்றத்துக்காக அடித்துப் போட்டுவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் எழுத உட்கார்ந்தவள், 15 வயதில் ஒரு நாவலைத் தொடங்கினாள். எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் தகப்பனாருக்கு மூளையில் கட்டி வந்து அவர் இறந்தார். பள்ளியிலே அந்த வருஷம் கதை எழுதும் பாடத்தில் அவளுக்குக் கிடைத்தது 'டி' மார்க். இதை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உபாத்தியாயர் தோழர்களே! 1967 ஏப்ரலில், அவளுடைய 18-வது வயதில், நாவல் அச்சாகி வெளிவந்தது. பெயர் 'தி அவுட்சைடர்ஸ்'. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்று சொல்லலாம். பையன்களின் சண்டைக் கதையைப் பெண் எழுதினாள் என்றால் ஏளனமாகத் தள்ளிவிடுவார்கள் என்று பிரசுரகர்த்தர்கள் பயந்தார்கள். அதனால் சூசன் மறைந்து, 'எஸ். ஈ. ஹின்டன்' என்று முதலெழுத்துகள் மட்டும் அட்டையில் நின்றன. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாவலைப் பற்றி அப்புறம். அவள் சொன்ன அபிப்பிராயம்தான் இன்றைய விஷயம். அதே 1967-ல், ஆகஸ்ட் 27 அன்று, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் புத்தக விமர்சனப் பகுதியில் ஹின்டன் ஒரு கட்டுரை எழுதினாள். பெரிய முதலாளிப் பத்திரிகை. பெரிய மனிதர்கள் எழுதுகிற இடம். அங்கே நின்றுகொண்டு, எங்களுக்கென்று நீங்கள் எழுதுகிற கதைகள் எங்கள் வாழ்க்கையைப் பற்றியவை அல்ல என்று தயக்கமில்லாமல் சொன்னாள். உலகம் மாறிவிட்டது, எழுத்தாளர்கள் பதினைந்து வருஷம் பின்தங்கி நிற்கிறார்கள் என்றாள். அவள் கணக்குப்படி முதலிடம் காதல் கதைக்கு. அதற்கு அடுத்த இடம், ஒரு பெண்ணும் அவள் ஆசையாய் வளர்க்கிற குதிரையும் என்ற கதைக்கு. நிஜம் எங்கே என்பது அவள் கேள்வி.

இன்னொன்றும் சொன்னாள். சின்னக் குழந்தைகள் மணிக்கணக்காக டெலிவிஷனில் அடிதடி பார்ப்பதைச் சும்மா விடுகிற பெரியவர்கள், பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் ஒரு குத்துச் சண்டை வந்துவிட்டால் மட்டும் அலறுகிறார்களே, ஏன்? சண்டை எங்கள் வாழ்க்கையில் இருக்கிறது. வெறும் கிளுகிளுப்புக்காக ரத்தத்தைக் கொட்டினால்தான் ஆட்சேபிக்க வேண்டும் என்பது அவள் வாதம். ரத்தக் களரியும் வேண்டாம், பள்ளி நடன விருந்தும் புது கவுனும் நிறைந்த கந்தர்வ லோகமும் வேண்டாம். இந்த இரண்டில் எது அதிகக் கெடுதல் செய்கிறது என்ற சந்தேகத்தையும் எழுப்பினாள்.

இதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இந்தப் பெண் சொல்லுவது படித்த பண்டிதர் அபிப்பிராயம் அல்ல. சாப்பிட்டவன் சொல்லும் ருசி!

இனி நாவல். போனிபாய் என்ற 14 வயதுப் பையன் தன் கதையைத் தானே சொல்லுகிறான். தாய் தகப்பன் இருவரும் கார் விபத்தில் போய்விட்டார்கள். மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் டாரிக்கு வயது 20. நன்றாகப் படித்தவன், விளையாட்டில் சிறந்தவன். காலேஜுக்குப் போக வழியில்லாமல் வீட்டுக் கூரை போடும் வேலைக்குப் போகிறான். கூரைச் சாமான் கட்டு இரண்டை ஒரே நடையில் ஏணியில் ஏற்றப் பார்த்து முதுகு பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். இந்த ஒரு வரிக்காகவே அந்தப் பெண்ணைப் பாராட்ட வேண்டும். மூட்டை சுமக்கிறவனுக்குத்தான் தெரியும், இரண்டு நடையை ஒரு நடையாக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று. நடுவிலவன் சோடாபாப் பள்ளியை விட்டுப் பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறான். ஒழுங்காக இல்லாவிட்டால் சின்னவர்களைச் சர்க்கார் விடுதிக்குக் கொண்டுபோய்விடும் என்ற பயம் அந்த வீட்டைப் பிடித்து ஆட்டுகிறது. மூத்தவன் தம்பியிடம் காட்டும் கடுகடுப்பெல்லாம் அந்தப் பயத்தில் பிறந்தது. தம்பிக்கோ அது முதலில் புரிவதில்லை.

ஜானி என்று ஒரு சிநேகிதன். வீட்டில் தகப்பன் அடி, தாயின் ஏச்சு. ஒரு இரவு பூங்காவில் சோஷ் பையன்கள் குடித்துவிட்டு வந்து போனிபாயின் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குகிறார்கள். ஜானி கத்தியை எடுக்கிறான். பாப் என்ற பணக்காரப் பையன் செத்துவிழுகிறான். இருவரும் ஓடிப்போய்ப் பாழடைந்த ஒரு மாதாகோவிலில் ஒளிகிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்க முடியை வெட்டுகிறார்கள். முடி போன துக்கம் அவர்களுக்குத் தாங்கவில்லை. சிரிப்பு வரலாம், ஆனால் கையிலே காசில்லாதவனுக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த முடி ஒன்றுதான் இருந்தது. பிறகு அந்தக் கோவிலில் தீப்பிடிக்கிறது. உள்ளே அகப்பட்ட குழந்தைகளை இந்தப் பையன்களே காப்பாற்றுகிறார்கள். அதில் முதுகொடிந்த ஜானி ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர்விடுகிறான். டாலி என்ற முரடன் அந்தத் துக்கத்தில் கடையில் கொள்ளையடித்து, குண்டில்லாத துப்பாக்கியைப் போலீசுக்கு நேரே நீட்டி, சுடப்பட்டுச் சாகிறான். மிச்சத்தைச் சொன்னால் கதை கேட்க வருகிறவர்களுக்கு ருசி போய்விடும்.

"என்ன தோழரே, ரவுடிப் பையன்கள் அடித்துக்கொள்ளும் கதையை மேடையில் புகழ்கிறீரே?" என்று பின்னால் சிலர் முணுமுணுப்பது காதில் விழாமலில்லை. இதே ஆட்சேபணை அமெரிக்காவிலும் வந்தது. 1986-ல் விஸ்கான்சின் ராஜ்யத்தில் தெற்கு மில்வாக்கி என்ற ஊரில் இந்த நாவலைப் பள்ளியில் வைக்கக்கூடாது என்று புகார் செய்தார்கள். காரணம்? குடியும் போதையும் வருகிறதாம். கதையில் வருகிற ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் உடைந்துபோன குடும்பத்துப் பிள்ளைகளாம்! நன்றாய் யோசித்துப் பாருங்கள். குடும்பம் உடைந்த பிள்ளை உயிரோடு தெருவில் திரியலாம். புத்தகத்துக்குள் மட்டும் வரக்கூடாது. அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று அந்தப் பள்ளி நூலகத்துக்கு வந்து தன்னைப்போல் ஒருவனைத் தேடினால், அதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

நமக்கும் இந்த நாவலோடு சண்டை உண்டு. பணக்காரர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது என்று செர்ரி என்ற பெரிய இடத்துப் பெண் சொல்லுகிறாள்; போனிபாயும் மெதுவாக அதை ஏற்கிறான். இருக்கலாம். பாப்புக்கும் மனக்குறை இருந்தது. ஆனால் மனக்குறையோடு நீல மஸ்டாங் காரில் வீடு போகிறவனும், மனக்குறையோடு காலி வயிறாய்த் திடலில் படுக்கிறவனும் ஒரே தராசில் நிற்க முடியாது. ஆச்சரியம் என்னவென்றால், இதை அந்தப் பெண் அறியாதவளல்ல. ராண்டி என்ற சோஷ் பையனே போனிபாயிடம் ஒத்துக்கொள்கிறான்: சண்டையில் நீங்கள் ஜெயித்தாலும் கீழேதான் இருப்பீர்கள், நாங்கள் மேலேதான் இருப்போம் என்ற அர்த்தத்தில். இவ்வளவு தூரம் பார்த்தவள், மேலே கீழே என்று வைத்தது யார் என்ற கேள்விக்குள் போகவில்லை. எண்ணெய்க் கிணறு யாருடையது என்பது கதையில் வருவதில்லை.

மேலும் ஒன்று. 1921 மே 31, ஜூன் 1 தேதிகளில் இதே டல்ஸாவில் கிரீன்வுட் என்ற பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்திச் சாம்பலாக்கியது. கறுப்பு மக்களின் வீடு, கடை, கோவில் எல்லாமாக ஏறக்குறைய 35 தெருக்கட்டங்கள் அழிந்தன. பல பத்து வருஷங்கள் ஊர் அதைப் பேசாமலே மூடி வைத்திருந்தது. பேசாத ஊரில் வளர்ந்த பெண்ணின் நாவலில் முக்கியப் பாத்திரமாக ஒரு கறுப்பர்கூட இல்லை. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதையிலும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள்!

இந்தக் குறைகளைச் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லவில்லை. 16 வயதுப் பெண்ணிடம் சமுதாய சாஸ்திரம் முழுவதையும் கேட்பது அநியாயம். அவள் கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதினாள். முற்போக்கு என்று பெயர் சூட்டிய கதைகள் சிலவற்றில் வரும் தொழிலாளி வீட்டுப் பையன் எப்படி இருக்கிறான்? பொய் சொல்லமாட்டான், கோபப்படமாட்டான், அழமாட்டான், மூன்றாம் பக்கத்தில் பிரசங்கம் செய்வான். அந்தப் பையனை நம் காலனியில் யாராவது கண்டதுண்டா? போனிபாய் பயப்படுகிறான், அழுகிறான், சிகரெட் பிடிக்கிறான், அண்ணனோடு மல்லுக்கு நிற்கிறான். அதனால்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

நம்பினார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. முதலில் நாவல் மந்தமாகத்தான் விற்றது. படிப்பு என்றாலே ஓடுகிற பிள்ளைகள் இதை மட்டும் விடாமல் படிக்கிறார்கள் என்று கண்ட உபாத்தியாயர்களும் நூலகக்காரர்களும்தான் அதைப் பள்ளி பள்ளியாகப் பரப்பினார்கள். கலிபோர்னியாவில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த பிரெஸ்னோ நகரத்துக்குப் பக்கத்தில் லோன் ஸ்டார் என்று ஒரு கிராமத்துப் பள்ளி. அங்கே ஜோ எலன் மிசாக்கியன் என்ற அம்மாள் நூலகப் பொறுப்பில் இருந்தார்கள். 1980-ல் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கூடி, இந்த நாவலைச் சினிமாவாக எடுக்க வேண்டும் என்று ஒரு மகஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆமாம், நம் தொழிற்சங்கம் போடுகிற மாதிரி மகஜர்தான்! அந்த அம்மாள் ஒரு கடிதமும் எழுதி, நாவல் பிரதியையும் வைத்து, பிரான்சிஸ் போர்டு கொப்போலா என்ற பிரபல டைரக்டருக்கு அனுப்பினார்கள். ஏன் அவருக்கு? அவர் தயாரித்த ஒரு படம் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. அது என்ன படம் தெரியுமா? 'தி பிளாக் ஸ்டாலியன்'. குதிரைக் கதை! பிள்ளைகளுக்குக் குதிரையும் வேண்டியிருக்கிறது, கிரீசரும் வேண்டியிருக்கிறது. ஹின்டன் கேட்டால் சிரித்திருப்பாள்.

கொப்போலா அந்தப் படத்தை எடுத்தார். 1983-ல் திரைக்கு வந்தது. இந்தப் படத்தை எடுக்கச் சொன்னவர்கள் இவர்கள் என்று அந்தப் பள்ளிப் பிள்ளைகளையும் நூலக அம்மாளையும் குறிப்பிட்டு, அவர்களுக்கே அது சமர்ப்பிக்கப்பட்டது. ஹின்டன் அதற்குள் மேலும் மூன்று நாவல்கள் எழுதிவிட்டாள்: 1971-ல் ஒன்று, 1975-ல் ஒன்று, 1979-ல் ஒன்று. முதல் புத்தகத்தின் புகழில் சில வருஷங்கள் பேனாவே ஓடாமல் திணறி, தினம் இரண்டு பக்கம் என்று ஒரு கூலிக் கணக்கு வைத்துத்தான் இரண்டாவதை முடித்தாளாம்.

இனி ஒரு அறிவிப்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல், ஷிப்டு முடிந்து மாலை ஆறு மணிக்கு, இதே படிப்பகத்தில் இந்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் முதலில் பிள்ளைகள் அபிப்பிராயம் சொல்லுவார்கள். பிடிக்கவில்லை என்றாலும், போர் அடிக்கிறது என்றாலும் தாராளமாகச் சொல்லலாம். அவர்கள் முடிக்கும்வரை பெரியவர்கள் யாரும், நாம் உள்பட, வாய் திறக்கக்கூடாது. கரும்பு வெட்டப் போகிற பிள்ளைகள் ஏழு மணிக்கு வந்தாலும் விட்ட பகுதியை மறுபடி சொல்லுவோம். பெஞ்சு போதாது, பாய் இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள்.