முட்டுக்கட்டை போடவும் ஆள் வேண்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணக்கு வாசித்து முடித்தாயிற்று. "டீயும் சுண்டலும் வருவதற்குள் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குரூப்பை மூடச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். அது ஓடும் வேகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பார்சல் விஷயம் உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரவு 9:10 மணிக்கு, "சி பிளாக்கில் வாசலில் வைத்த பார்சலைக் காணோம்" என்று ஒரு செய்தி வந்தது. அதில் தப்பே இல்லை. மூன்றாவது செய்தி, "சாயங்காலம் அந்தப் பக்கம் படிக்கட்டு துடைத்தவரைத்தான் பார்த்தேன்" என்றது. அதுவும் உண்மைதான், அவர் தினமும் அங்கேதான் துடைப்பார். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்கள் பார்சலைத் தேடவில்லை. அந்த அக்காவைப் பற்றியே பேசினார்கள். "எனக்கு முன்னமே சந்தேகம்" என்றார் ஒருவர். "நாளையிலிருந்து நிறுத்திவிடலாம்" என்றார் இன்னொருவர். 9:50 மணிக்குள் 57 செய்திகள். நிறுத்திவிடலாம் என்ற செய்திக்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். தோசை சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் தட்டினேன். யோசித்தேனா என்று கேட்டால், இல்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு எதிர் வீட்டுப் பெரியவர் பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். "தூறல் போட்டுச்சு, நனைஞ்சிடுமேன்னு உள்ளே எடுத்து வெச்சேன்" என்றார். அவர் இரவு எட்டரைக்கே படுத்துவிடுபவர். அந்த நாற்பது நிமிஷத்தில் விஷயம் தெரிந்த ஒரே மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். விஷயம் தெரியாத நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

குரூப்பில் மன்னிப்புக் கேட்டு நான்கே நான்கு செய்திகள் வந்தன. ஆனால் அந்த 57 செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் அதற்குள் அக்காவின் மகன் போனுக்குப் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பி வரவும் இல்லை.

இது சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். குழந்தை கடத்தும் கும்பல் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது என்று போன் போனாக வதந்தி ஓடியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தினர், வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். ஊர் திரண்டு அடித்ததில் 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்துபோனார். அதே மாதம் பழவேற்காட்டில் ஆதரவில்லாமல் திரிந்த ஒருவரையும் அடித்துக் கொன்றார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள்.

அந்த நாட்களில் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்து குழந்தையைத் தூக்குகிறவர், திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவார். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு யாரோ அனுப்பினார்கள். முழுப் படம் எங்கேயோ இருக்கத்தான் செய்தது. அதைத் தேடிப் பார்க்கும் அளவு நேரம்தான் யாருக்கும் இல்லை.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றப்போவதாக அறிவித்தது. படம், வீடியோ பக்கத்தில் இருந்த ஃபார்வர்ட் பட்டனையும் எடுத்தது. 2019 ஜனவரியில் அந்த ஐந்து என்ற வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று ஆக்கியது. அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்துவிட்டதாக அதே மாதம் அந்த நிறுவனமே சொன்னது. யார் வாயையும் அடைக்கவில்லை. ஒரு தட்டலில் போனதை ஐந்து தட்டலாக்கினார்கள், அவ்வளவுதான். நடுவில் கிடைத்த அந்தச் சில விநாடிகளிலேயே பலருக்கு, "இதை அனுப்பத்தான் வேண்டுமா?" என்று தோன்றியிருக்கிறது.

அதனால் வதந்தி ஒழிந்துவிடவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் சுற்றின. அது பொய் என்று டிஜிபி வீடியோவில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ராஜபாளையம் பக்கத்து மில்களில் வேலை செய்யும் வடமாநிலப் பிள்ளைகளை நாம் பஸ்ஸில் தினமும் பார்க்கிறோம். அப்படிப் பிழைக்க வந்த பிள்ளைகளின் வீட்டில் அந்த வாரம் எப்படித் தூங்கியிருப்பார்கள்?

இப்போது நம் குரூப்புக்கு வருகிறேன். வேகம் மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலாவது, முதல் இரண்டு மூன்று பதில்கள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ, மற்றவர்களும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறோம். இரண்டாவது, விஷயம் தெரிந்தவர் வந்து சேர்வதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், கல்லூரியில் வகுப்பில் இருப்பவர், தமிழில் மெதுவாகத் தட்டும் பாட்டி, இவர்கள் கருத்து சொல்வதற்குள் ஐம்பது செய்தி மேலே போயிருக்கும். மூன்றாவது, கட்டைவிரல் சின்னம் சம்மதமாகிவிடுகிறது. போர்வெல் மோட்டார் மாற்ற "எல்லோரும் ஓகே சொன்னீர்களே" என்றார்கள். எண்ணிப் பார்த்தால் 14 பேர். வீடுகள் 72.

வேகம் வேண்டிய இடமும் உண்டு. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால், பார்க்கிங்கில் பாம்பு வந்தால், அவசரமாக ரத்தம் தேவைப்பட்டால், அந்தக் குரூப் நமக்குத் தெய்வம் மாதிரி. போன மழையில் சம்ப் நிரம்பி வழிந்தபோது ஐந்து நிமிஷத்தில் எட்டுப் பேர் வந்து நின்றீர்கள். உதவிக்கு ஓடும் வேகத்திலேயே தீர்ப்புச் சொல்லவும் ஓடுகிறோம், அதுதான் சிக்கல்.

கிராம சபையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. எந்த நாள், எந்த இடம், எதைப் பற்றி என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இத்தனை பேராவது இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நடந்ததை எழுதி வைக்க வேண்டும். சம்பந்தப்பட்ட ஆள் வந்து சேரக் கொடுக்கும் அவகாசம் அது.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, கையில் கட்டையோடு சிலர் நடந்து வருவார்கள். திருப்பத்தில் தேர் பிசகாமல் இருப்பது அவர்களால்தான். அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. "எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறான்" என்று நாம் திட்டும் அதே சொல். தேரோட்டத்தில் அவரை யாரும் திட்டுவதில்லை.

நம் குரூப்புக்கு மூன்று முட்டுக்கட்டைகளைத் தீர்மானமாக முன்வைக்கிறேன்.

ஒன்று: யார் மீதாவது சந்தேகம் என்றால் பெயரோ படமோ குரூப்பில் போடக் கூடாது. செயலாளருக்குப் போன் செய்யுங்கள். சம்பந்தப்பட்டவரிடம் அவர் முதலில் நேரில் கேட்கட்டும்.

இரண்டு: பணம் சம்பந்தப்பட்ட எதுவும் குரூப்பில் முடிவாகக் கூடாது. மதிப்பீட்டோடு அறிவிப்புப் பலகையிலும் ஒட்டி, மூன்று நாள் விட்டு, வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று எண்ணுவோம்.

மூன்று: இரவு 9 முதல் காலை 6 வரை அவசரம் தவிர வேறு செய்தி வேண்டாம். அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றும் வசதி வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அவசரம் என்றால் செக்யூரிட்டிக்கும் அட்மினுக்கும் போன் போடுங்கள், உடனே திறந்துவிடுவார்கள்.

இந்த மூன்றையும் இப்போதே கை தூக்கி நிறைவேற்ற வேண்டாம். அப்படிச் செய்தால் நான் பேசியதற்கு அர்த்தமில்லை. வீட்டில் பேசுங்கள், இன்று வராதவர்களிடமும் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்போம்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அக்கா வீட்டுக்கு இதுவரை இரண்டு பேர்தான் போயிருக்கிறோம். அன்று இரவு எழுதியவர்களும் கட்டைவிரல் காட்டியவர்களும் இன்னும் இருக்கிறீர்கள். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நான் மறுபடி போகிறேன். வர விரும்புகிறவர்கள் ஐந்து மணிக்குக் கேட் பக்கம் வாருங்கள்.