நன்கொடையாக வரும் போனும் கணினியும் வேலை செய்ய வேண்டும்

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. லயத்தில் வீட்டுக்கு ஒரு போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் பிள்ளைகள் அந்தி வரை காத்திருக்க வேண்டும். இன்றும் புது மடிகணினி ஒன்று வாங்குவதென்றால் பல மாதப் பேர் அதற்கே போய்விடும்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2022இல் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. இதனால் கழிக்கப்படும் கணினிகளில் பல இன்னும் நன்றாக ஓடக்கூடியவை. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் பிள்ளையின் படிப்புக்குப் போதும்.

ஆகவே கேட்போம். ஆனால் கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஓடாத கணினி லயத்துக்கு வந்தால், நகரத்துக் குப்பை மலைக்கு ஏறியது என்றுதான் அர்த்தம்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பெட்டரி. உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. அது தீப்பிடிக்கும். ஒரு காம்பராவில் பிடித்த தீ லயம் முழுவதையும் எரித்துவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டு, பூட்டு. அன்ட்ரொயிட் போனைக் கொடுப்பவர் தன் கூகுள் கணக்கை முதலில் நீக்க வேண்டும். நீக்காமல் அழித்துத் தந்தால், போன் பழைய சொந்தக்காரரின் கணக்கையே கேட்டு நிற்கக்கூடும்.

மூன்று, சார்ஜர். அது இல்லாத மடிகணினி வாங்குபவருக்குப் புதுச் செலவு.

தேறாததை வீட்டில் வைக்கவோ, எரிக்கவோ, ஓடையில் போடவோ வேண்டாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

யாருக்கு முதலில்? மாற்றுத்திறனாளிகளை வரிசையின் கடைசியில் நிறுத்தாதீர்கள். பார்வையற்ற பிள்ளைக்கு, திரையில் உள்ளதை அன்ட்ரொயிட் போனின் டாக்பேக் வாசித்துக் காட்டும். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ உண்டு. அதுவும் இலவசம், தமிழும் வாசிக்கும். காது கேளாதவருக்கு, எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. இதையெல்லாம் ஏற்றி, அவருக்குப் பழக்கிவிட்ட பிறகுதான் நம் வேலை முடிகிறது. ஊனத்தைக் காட்டி வேலையிலோ கல்வியிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே இதைத் தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2000ஆம் ஆண்டு ஃப்ரீ கீக் என்ற அமைப்பு தொடங்கியது. தன்னார்வமாக 24 மணி நேரம் உழைத்தவர் ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அங்கே முறை வைத்தார்கள். பணம் இல்லாதவர் கை நீட்டவில்லை. தொழிலும் கற்றார், கணினியும் பெற்றார். நம் தோட்டங்களிலும் போன் திருத்தத் தெரிந்த, கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்களை வாசிகசாலையில் கூட்டுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு பட்டியல் கொண்டுவாருங்கள்: எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை, திருத்தத் தெரிந்தவர் யார். பட்டியல் கையில் இருந்தால்தான் கம்பனியிடமும் வங்கியிடமும் போய், கழிக்கும் கணினிகளை நம் பிள்ளைகளுக்குத் தாருங்கள் என்று சங்கம் உரிமையோடு கேட்க முடியும்.