வெந்நீர் ஊற்றுக்கு எதற்குப் பணம்?



கொரோனா காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்களே, நினைவிருக்கும். பட்டிதொட்டி எங்கும் பேசப்பட்ட அந்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனைக்கு ஒரு வேர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இருக்கிறது.

1960களில் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பிராக், அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளை ஆராயப் போனார். எவ்வளவு சூடு வரை உயிர் தாங்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதை வைத்து மருந்தோ கருவியோ செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1966இல் அவரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளங்கலை மாணவரும் சேகரித்த மாதிரியில், 70 டிகிரி செல்சியஸில் செழித்து வளரும் பாக்டீரியா ஒன்று கிடைத்தது. தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு 1969இல் கட்டுரை வெளியிட்டார்கள். பிற ஆய்வாளர்களும் வாங்கிக்கொள்ளும்படி அதை நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் கொடுத்துவைத்தார்கள்.

1983இல் கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி முல்லிஸுக்கு, டிஎன்ஏவைப் படியெடுக்க ஒரு வழி தோன்றியது. அதுதான் பிசிஆர். 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவிட்டால் ஒரு நொதி ஒவ்வொன்றுக்கும் புது இணையைக் கட்டும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பதால், 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். ஆனால் அந்தச் சூட்டில் நொதி கெட்டுப்போனது. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீரில் வாழும் பாக்டீரியாவின் நொதியோ அந்தச் சூட்டைத் தாங்கியது. அதற்குப் பிறகு முழு வேலையையும் இயந்திரத்திடம் விட முடிந்தது. நோய்க்கிருமியைக் கண்டறிவதும், குற்ற இடத்தில் கிடைத்த ஒரு முடியிலிருந்து ஆளை அடையாளம் காண்பதும் எளிதாயின. முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசும் கிடைத்தது.

பிராக்கின் விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி, ‘இதனால் மக்களுக்கு என்ன பயன்?’ என்று கேட்டிருந்தால், ‘தெரியாது’ என்பதே பிராக் சொல்லக்கூடிய நேர்மையான பதில். வரிப்பணத்தை இப்படிச் செலவழிக்கலாமா என்று கேட்பதும் நியாயம்தான். ஆர்வத்தால் பிறக்கும் ஆராய்ச்சிகளில் பல, கட்டுரையோடு நின்றுவிடும். எது நிற்கும், எது தொடரும் என்று முன்கூட்டியே பிரித்துப் பார்க்கும் சல்லடை யாரிடமும் இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்துப் பணம் கொடுப்பது? கேள்வி புதியதா? ஆராயும் முறை சரியானதா? கிடைத்ததைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைப்பார்களா? மூன்றாவது கேள்விக்குத் தனி எடை உண்டு. அந்த பாக்டீரியா பிராக்கின் ஆய்வகத்துக்குள்ளேயே முடங்கியிருந்தால், தேவைப்பட்டபோது சீட்டஸ் நிறுவனத்தார் கைக்கு எட்டியிருக்காது.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் தயங்காமல் பணத்தை ஒதுக்கலாம். விண்ணப்பத்தில் ‘பயன்’ என்ற கட்டம் காலியாகவே இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்து, நாம் அறியாத ஒருவர் வந்து அதை நிரப்பக்கூடும்.